தவிட்டுக்குப் போன பிள்ளை

காலையில் தவிட்டுக்கு விற்ற பிள்ளை அந்தி சாயத் திரும்பி வந்தபோது அதன் இடது காது நிமிர்ந்திருந்தது. பிறந்த பத்து நாளும் அந்தக் காது மடிந்துதான் கிடந்தது. அன்னக்கொடி எத்தனை முறை நீவி விட்டிருப்பாள்!

முதல் இரண்டு பிள்ளைகளும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்று மாமியார் மொக்கம்மாள்தான் ஏற்பாடு செய்தாள். முறத்தில் கிடத்திய பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கருத்தம்மா ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிப் போனாள். "இது என் பிள்ளை இல்லை" என்று பெற்றவள் மூன்று தடவை சொல்ல வேண்டுமாம். சொன்னாள். இனி இது கருத்தம்மா பிள்ளை, இங்கே வளர மட்டும் வந்திருக்கிறது என்று எமனை ஏய்க்கிற வழி.

"அத்தே, காதப் பாருங்க. இது எம்பிள்ள இல்ல."

மொக்கம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்படித்தேன் சொல்லணும் தாயி. நல்லா ஒறைக்கச் சொல்லு. எமன் காதுல விழட்டும்."

"நெசமாச் சொல்றேன் அத்தே."

"நானும் நெசமாத்தேன் சொல்றேன்."

அன்னக்கொடிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது.

ஐப்பசி மழை மலையை விட்டு இறங்கி ஓட்டின்மேலேயே நின்றுகொண்டது. சாம்பிராணிப் புகையும் காயாத துணியும் மூலையில் பரப்பிய ஏலக்காயின் வாசமும், எல்லாவற்றுக்கும் அடியில் விடாத தவிட்டு வாசமுமாக அடைத்துக் கிடந்த அறைக்குள் மூன்று இரவாக அவள் கண் மூடவில்லை. மூடினால், தொட்டிலில் கிடந்தது தன் மூச்சை நிறுத்திவிட்டு அவள் மூச்சைக் கேட்டது. பால் குடிக்கையில் இமைக்காமல் பார்த்தது. அவள் அழுதால் குடிப்பதை நிறுத்தியது.

ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்த புருஷன் சோலைமலையிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எங்கய்யா மூக்கு அச்சா இருக்கு, எம்பிள்ள இல்லங்கிறியே! தூங்கு புள்ள, சரியாப் போகும்."

தூங்கவாம்! அவன் பொதிக்கழுதைகளை ஓட்டிக்கொண்டு விடியுமுன் குரங்கணி மலைக்கு ஏறிவிட்டான்.

"அத்தே, இத எங்கிட்டத் தனியா விடாதீக. என் கையே எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது. பயமா இருக்கு."

"பெத்தவ பேசுற பேச்சா இது? பிடி. எனக்கு அடுப்படியில சோலி கெடக்கு."

பிள்ளையை அவள் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். யாரிடம்தான் சொல்வது? எந்த மொழியில் சொல்வது?

நாலாம் நாள் மதியம் மழை விட்டது. கொல்லையில் ஒரு அழுகை கேட்டது. பசித்த அழுகை. அவள் பிள்ளையின் அழுகை. மார் கட்டி, பால் சேலையில் இறங்கியது.

தோளில் கிடந்தது அழவில்லை.

கிணற்றடிக்குப் போனாள். பாசி வழுக்கியது. அழுகை கிணற்றுக்குள்ளேயிருந்துதான் வந்தது.

"இந்தா, ஒங்க பிள்ளைய எடுத்துக்கிருங்க! எம்பிள்ளையக் குடுங்க!"

அடுப்படியிலிருந்து மொக்கம்மாளின் குரல் சந்தோஷமாக வந்தது. "கேளு தாயி, நல்லாக் கேளு!"

அழுகை நின்றது.

தண்ணீர் விலகியது. சின்னக் கைகள் இரண்டு மேலே நீண்டன. பத்து விரலும் விரிந்திருந்தன.

அன்னக்கொடி தோளில் கிடந்ததை இரண்டு கையாலும் நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.