படைக்குக் குறுக்கே ஒரு வெருகு

மேற்கே வெருகமலையின் தோளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிவிட்டான். அவன் விட்டுச்சென்ற செம்மையைக் கன்னலாறு கொஞ்ச நேரம் தன் நீரில் குழைத்துப் பார்த்தது. பிறகு அதுவும் சலித்துச் சாம்பல் நிறம் பூண்டது. நாணற் புதர்களில் நாரைகள் இடம் பிடிக்கச் சண்டையிட்டன. புரட்டாசி மாதத்து மெலிந்த நீரோட்டம் மருத மரங்களின் வேர்களைத் தொட்டுக்கொண்டு, 'ஐப்பசி மழை வரட்டும், அப்போது பாருங்கள் என்னை' என்று முணுமுணுப்பதுபோல் நகர்ந்தது. கிழக்கே பனங்காட்டுக்கு மேல் அடிவானம் வெளுத்து, முழுநிலா எழப்போவதை அறிவித்தது. கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் அன்றைக்கு அந்தக் கரையில் அதைப் பார்க்க ஒருவருக்கும் மனமில்லை.

ஏனென்றால் நாலாயிரம் காலாட்களும் முந்நூறு குதிரைகளும் பதினோரு யானைகளும் அங்கே அணிவகுத்து நின்றன. நிலாவின் விளிம்பு பனைகளுக்கு மேல் தெரிந்ததும் முரசு ஒலிக்கும். படை ஆற்றைக் கடந்து மலையேறும். மலையிலுள்ள ஏழு ஊர் மக்களையும் அடித்து விரட்டும். சிங்கபுரி அரசரின் ஆணை அது. முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவர் அரசரின் தலைமைச் சோதிடரான பெருங்கணி விரிஞ்சிபட்டர்.

இந்தப் பட்டரின் புலமையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது பாவம். வெருகு என்றால் காட்டுப்பூனை. வெருகமலை மக்கள் தங்களை வெருகர் என்று அழைத்துக்கொண்டார்கள். பூனை முகமும் பெண்ணுடலும் கொண்ட வெருகுநாச்சி என்பவளே தங்கள் குலத்தின் முதல் தாய் என்று கொண்டாடினார்கள். மலைவாசலில் அவளுடைய கற்சிலை இருந்தது. சிலையின் வாயில் ஒரு குழந்தை தொங்கும். அதை வைத்துக்கொண்டு பட்டர், 'மார்ச்சார மானுட இலக்கணம்' என்று நூறு பாட்டில் ஒரு நூலே இயற்றிவிட்டார். வெருகருக்கு இருட்டில் கண் ஒளிரும், நகங்கள் உள்ளே ஒடுங்கும், முதுகெலும்பு மூங்கில்போல் வளையும், அவர்கள் குழந்தைகள் ஒன்பது நாள் கண் திறவா, அவர்களுடைய தெய்வம் பிள்ளை தின்னும் பேய். பட்டர் ஒரு தடவையாவது மலையேறிப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள், வாசகர்களே. பார்த்திருந்தால் நூல் எழுதியிருக்க முடியாது!

அந்த நூலை ஆதாரமாகக் கொண்டு அரச சாசனம் பிறந்தது. 'வெருகர் மானிடர் அல்லர். பூனை வயிற்றுப் பிறந்த விலங்குகள். விலங்குக்கு நிலத்தில் காணியுரிமை கிடையாது. ஆகவே மலையும் அதிலுள்ள மிளகும் சந்தனமும் அரசருக்கே உரியவை.' மிளகும் சந்தனமும் கடைசியில் வந்தாலும் முதலில் நினைக்கப்பட்டவை அவைதாம் என்பது சிங்கபுரியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

படையின் முன்னால், சாம்பல் நிறக் குதிரைமேல் அசையாமல் அமர்ந்திருந்தான் படைத்தலைவன் எழினிவேள். ஐந்து போர்களில் தோல்வி அறியாதவன். அவனிடம் ஓர் இரகசியம் உண்டு. அரண்மனையில் அவனுடைய தாயைப் பற்றி யாரேனும் கேட்டால், "கடற்கரை வணிகர் மகள், நான் சிறுவனாயிருக்கையில் காலமானார்" என்பான். காலமானது மெய். கடற்கரைதான் பொய். அவள் வெருகமலையில் பிறந்து, அந்த மலையிலேயே எரியூட்டப்பட்டவள். பன்னிரண்டு வயதில் அவனைக் குதிரைமேல் ஏற்றி நாட்டுக்கு அழைத்துவந்த தந்தை, "இனி அந்தப் பெயரை வாயால் சொல்லாதே, சொன்னால் நீ குதிரை லாயத்தில்கூட வேலை பெற மாட்டாய்" என்று எச்சரித்தார். பதினெட்டு ஆண்டுகளாக அவன் சொல்லவில்லை. சொன்னால் இன்று பதவி போகும்; தலையும் போகலாம். சொல்லாவிட்டால் தன்னைப் பெற்றவளின் சுற்றத்தாரைத் தன் கையாலேயே துரத்த வேண்டும். மதில்மேல் பூனை என்பார்களே, அது எழினிவேள்தான்.

போதாக்குறைக்கு, அந்த இரகசியம் இன்னொருத்திக்கும் தெரிந்துவிட்டது.

மூன்று நாட்களுக்கு முன் வெருகர் தலைவனின் மகள் காரிநங்கை தூது வந்திருந்தாள். தேன்நிறக் கண்களும் வில்போல் நிமிர்ந்த முதுகுமாக அவள் பாசறைக்குள் நுழைந்தபோது, எழினிவேளின் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டதென்பதை மறைப்பதில் பயனில்லை. தூதரோடு உண்பது படைத்தலைவனின் கடமை. இலை போட்டார்கள். பேச்சில் கவனமாக இருந்த அவன் கை, தானாகவே ஒரு பிடிச் சோற்றை உருட்டி இலையின் இடப்பக்கம் தரையில் வைத்தது. எந்த வெருகனும் பூனைக்கு அந்த முதற்பிடியை வைக்காமல் உண்பதில்லை. வேறெந்தக் குலத்தாரும் அப்படி வைப்பதுமில்லை.

காரிநங்கை அந்த உருண்டையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். காவலர் காதில் விழாதபடி, "படைத்தலைவரே, உங்கள் கடற்கரையிலும் இந்த வழக்கம் உண்டோ?" என்றாள்.

"கை தவறிவிட்டது, அம்மணி."

"கை சரியாகத்தான் இருக்கிறது. தவறுவது வாய்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் அரச சாசனத்தை அவள் முகத்துக்கு நேரே வாசிக்க வேண்டியிருந்தது, வாசித்தான். 'விலங்குகள்' என்ற சொல் வந்த இடத்தில் அவன் குரல் இடறியது. அவள் எழுந்து போய்விட்டாள். அன்றிரவு முதல் அவன் சரியாக உறங்கவில்லை.

இப்போது பனைகளுக்கு மேல் நிலாவின் விளிம்பு தெரிந்தது.

"நல்ல வேளை! முரசு முழங்கட்டும்!" என்று பல்லக்கிலிருந்து பட்டர் கூவினார். முரசு அதிர்ந்தது. நரசிங்கக் கொடியை ஏந்திய கிழட்டு வீரன் பொறையன் முதல் அடியை எடுத்து வைத்தான். அடுத்த அடியை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டான்.

ஆற்றுத்துறையிலிருந்து நனைந்த பாதங்களோடு ஒரு பெண் ஏறி வந்தாள். பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, கடைவீதியில் நடப்பவள்போல் நிதானமாக, நாலாயிரம் பேரின் கண்ணெதிரே குறுக்கே நடந்தாள். நடந்து முடித்து, படையை நோக்கித் திரும்பி, இடுப்பில் கைவைத்து நின்றாள். கையில் ஆயுதமில்லை. அவள் காரிநங்கை.

"என்ன துணிச்சல்!" என்றார் பட்டர். "யாரடி நீ? எதற்கு வந்தாய்?"

"நான் யாரென்பதைத் தாங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், பெருங்கணியாரே? நான் பூனை. படைக்குக் குறுக்கே வந்திருக்கிறேன்."

அணிவகுப்பில் ஒரு சலசலப்பு ஓடியது. அதற்குக் காரணம் உண்டு. படைச் சகுனங்களை வகுத்துக் கொடுத்தவரும் இதே பட்டர்தான். பூனை குறுக்கே போனால் படை ஒரு மண்டலம் நகரக் கூடாது என்பது அதில் முதல் விதி. போன ஆண்டு ஒரு சமையற்கட்டுப் பூனை குறுக்கே ஓடியதற்காக இதே படை எல்லையில் நாற்பத்தெட்டு நாள் சும்மா உட்கார்ந்து தின்றது. இப்போது நாற்பத்தெட்டு நாள் உட்கார்ந்தால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், கன்னலாறு கரைபுரளும், தை மாதம் வரை ஈ காக்கைகூட மலைக்குப் போக முடியாது.

"பைத்தியக்காரி!" பட்டர் சிரிக்க முயன்றார். "நீ பெண். பெண் குறுக்கே வந்தால் சகுனத்தடை இல்லை."

"அப்படியானால் நான் மானிடப் பெண் என்று நாலாயிரம் பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. மானிடருக்குக் காணியுரிமை உண்டு. சாசனம் செல்லாது. படை திரும்பட்டும்."

"இல்லை, இல்லை! நீ விலங்குதான்!"

"அப்படியானால் சகுனத்தடை. அப்போதும் படை திரும்பட்டும்."

கூட்டத்தில் எங்கோ ஒருவன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினான். எழினிவேள் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அச்சமும் வந்தது. பட்டரின் முகம் இருண்டு வருவதை அவன் பார்த்தான். அவர் அவமானத்தைப் பொறுக்கும் மனிதரல்லர் என்பது அவனுக்குத் தெரியும்.

பட்டர் பல்லக்கைவிட்டு இறங்கினார். "கேட்டுக்கொள், பெண்ணே. சாத்திரம் நுட்பமானது. நீங்கள் பாதி பூனை, பாதி மானிடர். நிலத்துக்கு நீ விலங்கு, சகுனத்துக்கு மானிடப் பெண்!"

"அழகான சாத்திரம்! உங்கள் கொடியில் இருப்பதும் பாதி மனிதன், பாதி சிங்கம்தானே? அதை அரசரின் குலமுதல்வர் என்கிறீர்கள். தில்லையில் புலிக்கால் முனிவரைத் தொழுகிறீர்கள். பாதி சிங்கமென்றால் கும்பிடு, பாதி புலியென்றால் பூசை, பாதி பூனையென்றால் மட்டும் வீட்டைப் பிடுங்குவீர்களா? உருவம் சிறுத்தால் உரிமையும் சிறுத்துவிடுமோ?"

"பிள்ளை தின்னும் பேயை நரசிங்கத்தோடு ஒப்பிடாதே!"

"தின்கிறாளா?" காரிநங்கையின் குரல் முதன்முறையாக நடுங்கியது; அது கோபத்தால் வந்த நடுக்கம். "ஐயா, தாய்ப்பூனை குட்டியை எப்படித் தூக்கும் என்று தாங்கள் பார்த்ததே இல்லையா? வெள்ளத்தில் மிதந்த மனிதக் குழந்தையை வெருகுநாச்சி அதன் பிடரியில் கவ்வி மலைக்குத் தூக்கிவந்தாள். அந்தப் பிள்ளையின் வழிவந்தவர்கள் நாங்கள். காப்பாற்றுகிறவளைப் பார்த்துத் தின்கிறாள் என்று நூறு பாட்டுப் பாடியிருக்கிறீர்கள்!"

எழினிவேளின் கண்முன்னால் அந்தச் சிலை வந்து நின்றது. அதன் காலடியில் அவனைத் தூக்கிப் பிடித்து, "பாரடா, எவ்வளவு மெதுவாகக் கவ்வியிருக்கிறாள் பார்" என்று காட்டிய தாயின் கை வந்தது. அவன் கடிவாளத்தை இறுகப் பற்றிக்கொண்டான்.

பட்டர், அரசர் கொடுத்தனுப்பித் தம் விரலில் அணிந்திருந்த முத்திரை மோதிரத்தை உயர்த்தினார். "போதும்! அரசர் பெயரால் ஆணையிடுகிறேன். பட்டத்து யானையை முன்னே செலுத்துங்கள். இந்தப் பூனையை நசுக்கிவிட்டுப் படை நடக்கட்டும்!"

பாகன் தயங்கினான். மோதிரம் நிலவொளியில் மின்னியது. யானை ஓரடி எடுத்து வைத்தது, இன்னோரடி வைத்தது.

காரிநங்கை நகரவில்லை. அவள் விழிகள் ஒரு கணம் எழினிவேளின்மேல் விழுந்தன. வாசகர்களே, இந்த இடத்தில் அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். 'உங்கள் படைத்தலைவரும் வெருகர்தான், அவரை முதலில் நசுக்குங்கள்' என்று சொல்லியிருந்தால் படை குழம்பியிருக்கும், அவள் தப்பியிருப்பாள். அவன் அதை எதிர்பார்த்தே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். உயிர் போகும் வேளையிலும் பிறர் வீட்டு இரகசியத்தைச் செலவழிக்க அவளுக்கு விருப்பமில்லை. தானாகச் சொல்ல வேண்டியதைத் தானாகவே ஒருவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

எழினிவேளுக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு ஆண்டு வெட்கமும் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"யானையை நிறுத்து!"

போர்க்களங்களில் கேட்டுப் பழகிய அந்தக் குரலுக்கு யானையே நின்றது. எழினிவேள் குதிரையிலிருந்து குதித்தான். தலைக்கவசத்தைக் கழற்றிப் பொறையனின் கையில் கொடுத்தான். பிறகு, அவள் எந்த ஓரத்திலிருந்து புறப்பட்டாளோ அந்த ஓரத்துக்குப் போய், அவள் நடந்த அதே நிதானத்தோடு பாதையைக் குறுக்கே கடந்து, அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"பெருங்கணியாரே," என்றான். "இரண்டாவது பூனையும் குறுக்கே வந்துவிட்டது."

"படைத்தலைவரே! என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டல்ல. வீரர்களே, கேளுங்கள். என் தாய் கடற்கரை வணிகர் மகள் என்று இத்தனை காலம் சொல்லி வந்தேன். பொய். அவள் இந்த மலையில் பிறந்தவள். அவள் பெயர் பொன்வெருகி. நான் பொன்வெருகியின் மகன்!"

ஆற்றங்கரை முழுவதும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னான். சொன்னதும் தாய்க்கு இப்போதுதான் இறுதிக்கடன் செய்து முடித்தாற்போல் அவனுக்குக் கண் கலங்கியது; அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஐந்து போரில் ஒரு பூனையின் பின்னால்தான் நீங்கள் நடந்தீர்கள். எந்தப் போரில் தோற்றீர்கள்? என் நகம் உள்ளே ஒடுங்குவதை எவன் பார்த்தான்? இவள் மானிடப் பெண் அல்லள் என்று நினைக்கிறவன் வேலை ஓங்கிக்கொண்டு வரட்டும். முதலில் என்னைக் குத்தட்டும்."

ஒருவரும் வரவில்லை. பொறையன் மெல்லத் தலையைச் சொறிந்தான். அவன் மார்பில் மூன்று போர்களின் தழும்பு இருந்தது. அவற்றில் ஒரு போரில் அவனைத் தோளில் சுமந்து வந்தவன் எழினிவேள்.

"ஆனைக்கொரு காலம்னா பூனைக்கொரு காலம்!" என்று கிழவன் உரக்கச் சொன்னான். "ஒரு பூனை குறுக்கால போனாலே நாப்பத்தெட்டு நாளுன்னு சாமிதான் எழுதிவச்சாரு. இப்ப ரெண்டு போயிருச்சு. சாத்திரத்த மீற நமக்கென்ன பைத்தியமா? திரும்புங்கடா, திரும்புங்க!"

கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் திரும்பினான். அவன் பின்னால் நின்றவனும் திரும்பினான். பாகனும், உத்தரவுக்குக் காத்திராமல், யானையின் காதைத் தட்டித் திருப்பினான். வரிசை வரிசையாக நாலாயிரம் முதுகுகள் பட்டருக்குத் தெரிந்தன. அவர் மோதிர விரலை உயர்த்தியபடியே, யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் நின்றார்.

காரிநங்கை பெருமூச்சு விட்டாள்.

"மூன்று நாளாக மதில்மேல் இருந்தீர்களே," என்றாள் அவள் மெல்ல. "எந்தப் பக்கம் குதிப்பீர்களோ என்று பயந்துவிட்டேன்."

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே, அம்மணி?"

"காட்டிக் கொடுத்தால் நீங்கள் அகப்பட்டவர் ஆவீர்கள். எங்களுக்கு வேண்டியது வந்து சேர்ந்தவர்."

இதற்கு எழினிவேள் என்ன மறுமொழி சொன்னான் என்பது அவர்கள் இருவருக்கும் உரியது. நாம் தலையிட வேண்டாம்.

"துரோகி!" பட்டரின் குரல் கிறீச்சிட்டது. "அரசரிடம் போய்ச் சொல்கிறேன். அரசரே நேரில் வருவார், பார்!"

எழினிவேள் அவளோடு ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தான். முழங்கால் அளவு நீரில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அவசியம் சொல்லுங்கள், பெருங்கணியாரே. தை மாதம் ஆறு வடியும். பூனைக்கு மணி கட்ட விரும்புகிறவர் யாராயிருந்தாலும் மணியைத் தம் கையிலேயே எடுத்து வரட்டும். நாங்கள் மலையில்தான் இருப்போம்!"