ஆடாதவனின் தண்ணீர்

உணர்வளை மாட்டாமல் யாரையும் அரங்குக்குள் விடுவதில்லை. வாசலில் நிற்கும் காவலர் இடது மணிக்கட்டைப் பிடித்து வளையைப் பூட்டி, அது ஒரு முறை மினுங்குவதைப் பார்த்த பிறகே தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் கொடுப்பார். ஆளுக்கு ஒன்று. கடல் ஏறி வந்து தூத்துக்குடியின் கிணறுகளை உப்பாக்கிய பிறகு குடிநீர் எங்கேயும் பங்குதான். ஆட்டம் முடியும்வரை அந்த ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

கத்தத்தான் வந்திருந்தார்கள். நாகையின் கூடைப்பந்து அணி களத்துக்குள் நுழைந்ததுமே மேற்கு மேடை எழுந்து நின்றது.

"ஏல, கருவாட்டு மூட்டைகளா, நடக்கத் தெரியுமால உங்களுக்கு?" என்று ஆரம்பித்தான் இசக்கிமுத்து. பகலில் கடல்தடுப்புச் சுவரில் வெல்டர். மாலையில் மேற்கு மேடையின் வாய். அவனுக்குப் பின்னால் ஐந்நூறு பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். எல்லார் மணிக்கட்டிலும் வளைகள் சிவப்பாக எரிந்தன. வெறுத்தால் சிவப்பு, விரும்பினால் பச்சை. நாடித்துடிப்பையும் வியர்வையையும் படிக்கும் கருவி அது. வாய் என்ன சொல்கிறது என்று அது கேட்பதே இல்லை.

இசக்கிமுத்துவுக்குப் பக்கத்து இருக்கையில் அமலோற்பவம் இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி. அதன்மேல் ஒரு தண்ணீர்ப் பாட்டில் மூடி திறக்காமல் நின்றது. நான்கு வருடமாகச் சொந்த ஊரின் முத்துநகர் அணி ஆடும் எல்லா ஆட்டத்திலும் அந்தப் பாட்டில் அங்கே நிற்கிறது. ஊருக்கே தெரியும். படம்பிடிப்பவர்கள் இடைவேளையில் அதை ஒரு தரம் காட்டாமல் விடமாட்டார்கள்.

அது அவளுடைய கணவர் ஞானப்பிரகாசத்தின் நாற்காலி. தடுப்புச் சுவர் ஒரு புயலில் சரிந்தபோது அதோடு போனவர். அவர் போன பிறகு அவள் முதல் தடவை தனியாக வந்த அன்று, யாரோ ஒருவன் அந்த நாற்காலியில் உட்காரப் பார்த்தான். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போது களத்தின் ஓரத்திலிருந்து நெட்டையாக ஒருவன் படியேறி வந்தான். தன் பங்குத் தண்ணீரை நாற்காலியில் வைத்தான். "இது ஆள் இருக்க சீட்டு அண்ணே," என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து, "ஆடாதவனுக்கு என்னக்கா தாகம்?" என்று சிரித்தான்.

அவன்தான் கஸ்பார். பெஞ்சுக் கஸ்பார்.

பன்னிரண்டு பருவமாக முத்துநகர் அணியில் இருக்கிறான். களத்தில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு முழு ஆட்டம் தேறாது. ஆனால் பயிற்சியாளர் எழுந்து நின்றாலே போதும், கஸ்பார் தன் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக நிற்பான். பயிற்சியாளர் வேறொருவனைக் கூப்பிடுவார். கஸ்பார் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, உள்ளே போகிறவனின் முதுகில் தட்டி அனுப்புவான். அரங்கமே சிரிக்கும். எதிரணிக்காரன் விழுந்தாலும் துண்டை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுவது அவன்தான். வெறுப்பையே கூச்சலாகக் கேட்டுக் கேட்டுக் காய்ந்துபோன அந்த இடத்தில் ஜனங்களுக்கு அவன்மேல் மட்டும் பச்சை எரிந்தது.

எதிர்ச்சுவர் முழுக்க நிற்கும் பாசப்பலகையில் அதைப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு ஒளிக்கம்பம்; வளைகளின் பச்சையில் ஏறும், சிவப்பில் இறங்கும். நடுவில் ஒரு கோடு. கம்பம் கோட்டுக்கு மேலே நின்றால் அந்த ஆட்டக்காரனை அணி விற்க முடியாது, விலக்க முடியாது. ஒரு காலத்தில் ஜனங்கள் உயிராக நினைத்த ஆட்டக்காரர்களை முதலாளிகள் மாட்டுச்சந்தை போல விற்றுத் தள்ளினார்கள். அதை எதிர்த்து ரசிகர்கள் தெருவில் இறங்கி வாங்கிய சட்டம் இது. கல்யாணமான புதிதில் அமலோற்பவமும் ஞானப்பிரகாசமும் கைகோத்து அந்த ஊர்வலத்தில் நடந்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. கம்பம் மேலே இருக்கும்வரை ஆட்டக்காரனும் விலக முடியாது. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நேசிக்கப்படுகிறவன் எதற்காகப் போகப்போகிறான்?

மூன்று ஆட்டங்களுக்கு முன்பு, பாட்டிலை வைக்க வந்தபோது கஸ்பார் குனிந்து சொன்னான்.

"எக்கா, எனக்கு ஒரு உதவி செய்யணும். என்னை வெறுக்கணும்."

"ஏன்ல, காய்ச்சலா?"

"நெசமாத்தான். போன லீவுக்கு மணப்பாட்டுக்குப் போனேன்லா? ஜெனிட்டா என்னப் பாத்ததும் உள்ள ஓடிட்டா. எந் தங்கச்சிகிட்டப் போயி, 'அத்தை, டிவியில வார பெஞ்சு மாமா வந்துருக்காரு'ன்னு சொல்லுதா."

ஜெனிட்டா அவன் மகள், அவன் தங்கை வீட்டில் வளர்கிறாள். தாயில்லாத பெண். ஆட்டக்காரர்கள் வருடத்தில் பதினோரு மாதம் அணி விடுதியை விட்டு வெளியே போகக் கூடாது.

"மேனேஜர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பலகையக் காட்டுதாரு. 'நீ எனக்கா சொந்தம்? ஜனங்களுக்குல்லா சொந்தம்'ங்காரு. இந்தப் பருவத்துக் கடைசி ஆட்டத்துல நான் வாசலத் தாண்டுதப்ப கம்பம் கோட்டுக்குக் கீழ இருந்தா விட்டுருவாக. இல்லன்னா இன்னும் மூணு வருசம். அதுக்குள்ள அவ என்னை 'வாங்க, உக்காருங்க'ன்னு சொல்லப் பழகிருவா."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த இசக்கிமுத்து, "இவ்வளவுதானா? வையறதுக்கு என்கிட்டயா சொல்லணும்?" என்றான்.

அந்த ஆட்டத்திலேயே தொடங்கினான். "ஏல நெட்டக்கொக்கு, பெஞ்சு தேஞ்சுபோச்சுல. உங்க அப்பனா ஆசாரி, செஞ்சு குடுக்க?" என்றான். காரணம் தெரியாவிட்டாலும் மேற்கு மேடை சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டது. கஸ்பார் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டான். மேடை குலுங்கிச் சிரித்தது. பலகையில் அவன் கம்பம் இன்னும் ஒரு சாண் ஏறியது.

"பாழாப்போற பய," என்றான் இசக்கிமுத்து, தன் வளையைப் பார்த்துக்கொண்டு. அது பசும்புல் மாதிரி எரிந்தது.

இப்போது கடைசி ஆட்டம். முத்துநகர் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. மேடை முழுக்கச் சிவப்பு. நடுவர்மேல், பயிற்சியாளர்மேல், நாகை அணியின் ஒவ்வொருவன்மேலும் வசை விழுந்தது. இனி மீள வழியில்லை என்று ஆன பிறகு பயிற்சியாளர் எழுந்தார். கஸ்பார் மேல்சட்டையைக் கழற்றினான். பயிற்சியாளர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

அரங்கம் வெடித்தது.

கஸ்பார் உள்ளே போனான். பந்து கைக்கு வந்ததும் திரும்பினான். தன் அணியின் கூடைக்கே ஓடி, துள்ளி, பந்தை உள்ளே போட்டான்.

கூடையின் வலை ஆடி நின்றது. பிறகு பத்தாயிரம் பேர் சிரித்தார்கள். "திசை தெரியலடே பாவத்துக்கு," என்றார் பின்வரிசையில் ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மறுபடி பந்து கிடைத்தபோது மறுபடியும் அதையே செய்தான். "நாமளும் தோக்கத்தான செய்யுதோம், அவனாவது ஒண்ணு போடட்டும்" என்று கைதட்டினார்கள். கம்பம் பலகையின் உச்சியைத் தொட்டது. களத்தின் நடுவில் நின்று கஸ்பார் அதை அண்ணாந்து பார்த்தான். அமலோற்பவம் அவன் முகத்தைப் பார்த்தாள். கதவு பூட்டப்படும் சத்தத்தைக் கேட்கிறவனின் முகம் அது.

ஆட்டம் முடிந்த ஊதல் கேட்டது. கஸ்பார் படியேறி வந்தான். பாட்டிலைப் பார்க்க வருகிறான் என்று மேடை வழிவிட்டது. படம்பிடிப்பவர்கள் ஓடி வந்தார்கள். நாற்காலியின் முன்னால் நின்று பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகினான். தலைகீழாகக் கவிழ்த்தான்.

தண்ணீர் சிமெண்டுத் தரையில் கொட்டி, படிகளில் வழிந்து, மிதியடிகளுக்கு நடுவே ஓடியது.

"செத்தவனுக்கு எதுக்குத் தண்ணி?" என்றான். சட்டையில் இருந்த ஒலிவாங்கி அதை அரங்கம் முழுவதற்கும் சொன்னது. "செத்தவனுக்கு எதுக்கு சீட்டு? நாலு வருசமா எந் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்கான்."

காலைத் தூக்கினான், நாற்காலியை உதைக்கப்போகிறவன் மாதிரி.

முதலில் எழுந்த சத்தம் சொல்லாக இல்லை. பத்தாயிரம் தொண்டைகளின் அடியிலிருந்து வந்த உறுமல் அது. பிறகு சொற்கள் வந்தன, இங்கே எழுத முடியாதவை. மிதியடிகள் பறந்தன. ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தான். விஷயம் தெரிந்த இசக்கிமுத்துவே நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான்.

"வெளிய போணும்னா இதையால செய்வ? எங்க ஞானப்பிரகாசம் அண்ணனையால இழுப்ப?"

அமலோற்பவம் கீழே பார்த்தாள். தண்ணீர் அவள் காலை நனைத்திருந்தது. இவன் விடுதலையாக வேண்டும் என்று மூன்று வாரமாகத் தினமும் ஜெபமாலை உருட்டியவள் அவள். ஆனாலும் ஈரக் காலை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மணிக்கட்டைப் பார்த்தாள். வளை சிவப்பாக எரிந்தது. பொய்ச் சிவப்பு இல்லை.

பலகையில் கஸ்பாரின் கம்பம் அறுந்த கயிறு போல விழுந்தது.

காவலர்கள் அவனைப் பிடித்து இழுத்துப்போனார்கள். வெளியேறும் வழி மேற்கு மேடைக்கு நேர் கீழே. இரண்டு பக்கமும் ஜனம் கம்பிமேல் சாய்ந்து துப்பியது. அப்போதுதான் அமலோற்பவத்துக்கு அந்தக் கால் நினைவுக்கு வந்தது. எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். ஆனால் தூக்கிய கால் நாற்காலியைத் தொடவில்லை. யாரும் அவனைத் தடுக்குமுன்பே தரைக்குத் திரும்பிவிட்டது. அவனால் அது மட்டும் முடியவில்லை.

மணப்பாடு பஸ்ஸில் போனால் பக்கம்தான். ஆனால் இரவு பஸ் கிடையாது, நடந்துதான் போக வேண்டும். வழியெல்லாம் உப்புக்காடு.

அவள் தன் பங்குப் பாட்டிலை எடுத்தாள். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. கம்பியருகே போனாள். வழி கேட்பது யார் என்று பார்த்ததும் கூட்டம் ஒதுங்கியது.

"எக்கா, தண்ணியப் போயி அவன்மேல எறியாத," என்றான் இசக்கிமுத்து.

"மண்டை உடையட்டும்," என்று சொல்லி, பலங்கொண்ட மட்டும் எறிந்தாள்.

கஸ்பார் நிமிர்ந்தான். இரண்டு கையாலும் அதைப் பிடித்தான்.

"பாத்தியால, இன்னைக்குத்தான் பந்து பிடிக்கான்," என்று யாரோ கத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, குனிந்த தலையோடு வாசலைத் தாண்டினான். பன்னிரண்டு பருவம் பெஞ்சில் இருந்தவனுக்கு அதுதான் வழியனுப்பு.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அமலோற்பவம் சீக்கிரமே வந்துவிட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் வாங்கிய பாட்டிலை அதில் வைக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசைக்காரர் வந்தார். "அந்த நாதாரிப் பய கொட்டுனான்னா நமக்கு அண்ணன் இல்லாமப் போயிருவாரா?" என்று தன் பாட்டிலை நாற்காலியில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பெண். பிறகு கிழக்கு மேடையிலிருந்து முகம் தெரியாத ஒருவர். பிறகு தயங்கித் தயங்கி, நாகை அணியின் சட்டை போட்ட ஒருவன். ஒவ்வொருவரும் கஸ்பாரைப் பெயர் சொல்லித் திட்டினார்கள். திட்டிக்கொண்டே தங்கள் பங்கை வைத்துவிட்டுப் போனார்கள். நாற்காலியில் இடமில்லாமல் தரையிலும் அடுக்கினார்கள். அன்று ஆட்டம் முழுக்க மேற்கு மேடையில் பலர் உலர்ந்த தொண்டையோடு கத்தினார்கள்.

இப்படிச் செய்ய இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. சொல்ல முடியாது. விலகியவனின் கம்பம் இன்னும் ஒரு பருவம் பலகையின் ஓரத்தில் நிற்கும். கோட்டைத் தாண்டி ஏறினால் அணி திரும்ப அழைக்கலாம்.

ஜனங்களின் கோபம் வெயிலில் வைத்த பனிக்கட்டி. ஐந்தாறு ஆட்டத்திலேயே உருகத் தொடங்கியது. புதிதாகப் பெஞ்சில் உட்கார்ந்தவன் துண்டு எடுத்துக்கொண்டு ஓடவில்லை. "என்ன இருந்தாலும் கஸ்பார் மாதிரி வருமாடே," என்றார் பின்வரிசைக்காரர் ஒருநாள். "ஏதோ கிறுக்கு பிடிச்சிருக்கும் அன்னைக்கு." சுற்றி நாலு பேர் தலையாட்டினார்கள். பலகையின் ஓரத்தில் அந்தக் கம்பம் அசைந்து, கோட்டை நோக்கி நகர்ந்தது.

அமலோற்பவம் எழுந்து நின்றாள். அந்த மேடையில் அவள் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் திரும்பினார்கள்.

"அவம் பேர எங்காதுபடச் சொல்லாதீங்க," என்றாள். "எம் புருசன் தண்ணியக் கொட்டுன கை அது. அவன் இந்த வாசல மிதிக்கவே கூடாது. போன எடத்துலயே கெடக்கட்டும். இனிமே எந்தக் கூட்டமும் அவம் பேரச் சொல்லிக் கூப்பிடாம, பெத்த பிள்ள ஒண்ணு மட்டும் கூப்பிட்டு, அந்தப் பிள்ள காலடியிலேயே அவங் காலம் முடியட்டும்."

மேடையில் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். விதவையின் சாபம் கேட்ட ஜனம் அல்லவா. பிறகு மறந்திருந்ததெல்லாம் திரும்ப மூண்டது. பின்வரிசைக்காரர் வெட்கத்தோடு முதலில் காறித் துப்பினார். வரிசை வரிசையாகச் சிவப்பு பற்றியது. கம்பம் சரிந்து அடியில் போய்க் கிடந்தது.

அவள் உட்கார்ந்தாள். வலது கையால் முந்தானையை இழுத்து இடது மணிக்கட்டை மூடிக்கொண்டாள். நூல்சேலைதான், மெல்லியது. இசக்கிமுத்து ஓரக்கண்ணால் பார்த்தான். துணிக்குள்ளிருந்து பச்சை வெளிச்சம் கசிந்தது.

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு தன் தோள்துண்டை எடுத்து அவள் மடியில், அந்தக் கைமேல், விழுந்தது போலப் போட்டான்.

"ஆமென்க்கா," என்று மெதுவாகச் சொன்னான். எழுந்து நின்று, உரத்த குரலில் கஸ்பாரைத் திட்டத் தொடங்கினான்.