கார்முகிலின் துப்பாக்கி

"ஒங்கையால ஒரு சொட்டுத் தண்ணிகூட எனக்கு வேணாம்! எடுத்துகினு போ அந்தாண்ட!"

மாமியார் பெரியநாயகி டம்ளரைத் தள்ளிய வேகத்தில் காபி தரையெல்லாம் சிந்தியது. செங்கமலம் துணியை எடுத்துத் துடைத்தாள். கேஸ் ஆரம்பித்த நாளிலிருந்து மாமியார் தனி அடுப்பு வைத்துப் பொங்கிக்கொள்கிறாள். இன்றைக்குச் சின்ன மகன் கலைச்செல்வனுக்குத் தீர்ப்பு. கொழுந்தனைப் போலீசில் மாட்டிவிட்டவள் என்றுதான் நெய்வேலி நகரியத்தை ஒட்டிய அந்தத் தெருவே செங்கமலத்தைப் பேசியது.

"கடலூரு கோர்ட்டுக்கு நீ வரவே வேணாம். எம்புள்ள ஜெயிலுக்குப் போறத நின்னு வேடிக்க பாக்கணுமா ஒனக்கு?"

"எம்மா, காலங்காத்தால ஏம்மா..." என்றான் செங்கமலத்தின் கணவன் ராஜாங்கம். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவன் பேசுவது எப்போதும் அவ்வளவுதான்.

"நீ வாய மூடு! புள்ள செத்ததுக்குப் பழி வாங்கிட்டாடா ஒம் பொண்டாட்டி!"

செங்கமலம் துடைத்த துணியை வாளியில் பிழிந்தாள். ஐயோ, எதை எதோடு முடிச்சுப் போடுகிறார்கள் இந்த மனுஷர்கள்!

அவளுடைய ஒரே மகன் கார்முகில், ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்ன சித்தப்பா கலைச்செல்வன், பைக்கை எடுத்துக்கொண்டு கூட்டாளிகளோடு சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தான். "ஒன்னாலதான்டா எம்புள்ள போனான்!" என்று தெருவே கேட்க அவள் கத்தியது உண்மைதான். பெற்ற வயிறு, வேறு எப்படிக் கத்தும்? மாமியார் அந்த ஒரு சொல்லை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

பிறகு கலைச்செல்வனுக்குக் கான்ட்ராக்ட் வேலை போயிற்று. வெட்டியாகத் திரிந்தவன், ஒருநாள் குள்ளஞ்சாவடியில் ஓர் அடகுக்கடைக்குள் புகுந்து, துப்பாக்கியை நீட்டிக் கல்லாவைக் காலி செய்துவிட்டான். மறுநாளே பிடிபட்டு, செய்ததை ஒத்துக்கொண்டான். அவன் நீட்டியது கார்முகிலின் பொம்மைத் துப்பாக்கி! பிள்ளையின் மற்ற சாமான்களையெல்லாம் அவனோடேயே புதைத்துவிட்டார்கள். செங்கமலம் பிடிவாதமாக நிறுத்திக்கொண்டது அது ஒன்றைத்தான். பீரோவிலிருந்து அதை எடுத்து, முனையில் இருந்த சிவப்பின்மேல் நிஜம்போலத் தெரியக் கறுப்புப் பெயின்ட் அடித்து, காரியம் முடிந்ததும் பழைய இடத்திலேயே வைத்திருந்தான் பாவி.

"அடுப்புல போட்டுக் கொளுத்துடி! துப்பாக்கி இல்லன்னா கேஸும் இல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மாமியார்.

போலீசோ, துப்பாக்கியை எவனிடம் வாங்கினாய் என்று அவனைக் குடைந்துகொண்டிருந்தது. பொம்மை என்று அவன் சத்தியம் செய்தும் நம்புவாரில்லை. செங்கமலத்துக்குச் சட்டம் கிட்டம் ஒன்றும் தெரியாது. பையன் இந்த ஒன்றிலாவது உண்மை பேசுகிறான், அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்று மட்டும் தோன்றியது. பொம்மையை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

கோர்ட்டில் மாமியாரின் கண்ணில் படாமல் ஓரமாக நின்றாள். நீதிபதி வாசித்ததில் பாதி புரியவில்லை. "மூன்று ஆண்டுகள்" என்றது மட்டும் காதில் விழுந்தது. "ஐயோ, எம்புள்ள!" என்று வராந்தாவில் வந்து சரிந்தாள் பெரியநாயகி.

வக்கீல் செங்குட்டுவன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"எதுக்கும்மா அழுவுறீங்க? சாமிக்குத் தேங்கா ஒடைங்க! உசுர எடுக்கற ஆயுதத்தக் காட்டிக் கொள்ளையடிச்சா ஏழு வருஷத்துக்குக் கொறையாம உள்ள இருக்கணும். ஜட்ஜே நெனச்சாலும் கொறைக்க முடியாது. கடைக்காரரு நெஜத் துப்பாக்கின்னு அடிச்சுச் சொன்னாரு. பொம்ம வரலன்னா அவரு பேச்சுதான் நின்னுருக்கும். இது ஆயுதமே இல்லன்னு ஜட்ஜம்மா அந்தப் பிரிவத் தள்ளிட்டாங்க."

"பொம்மையக்... குடுத்ததாலயா சார்?"

"ஆமாம்மா. ஒங்க மருமவ கூண்டுல ஏறி, 'இது எம்புள்ளயோடதுங்க'ன்னு சொன்னாங்களே, அதான் காப்பாத்துச்சு. நீங்க சொன்ன மாதிரி கொளுத்தியிருந்தீங்கன்னா, பெத்த கையாலயே ஏழு வருஷம் வாங்கிக் குடுத்துருப்பீங்க."

பெரியநாயகி திரும்பி, ஓரமாக நின்ற மருமகளைப் பார்த்தாள்.

செங்கமலம் மெல்லக் கிட்டே வந்தாள்.

"சார்... அதத் திருப்பிக் குடுத்துடுவாங்களாங்க?"

"மாட்டாங்கம்மா. குத்தத்துக்குப் பயன்பட்ட பொருளு. அப்பீல் காலம் முடிஞ்சதும் அழிச்சுடச் சொல்லி உத்தரவு."

"ஒரே ஒரு தடவ... கையில வெச்சுப் பாத்துட்டுக் குடுத்துடறங்க..."

வக்கீல் முடியாது என்பதுபோல் கையை விரித்தார். செங்கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியநாயகி தரையில் தவழ்ந்து வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா செங்கமலம்! ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தியே... அதையுமா எம்புள்ளைக்காவக் குடுத்த! ஒன்னப் போயி என்னா பேச்செல்லாம் பேசுனன்! செருப்பால அடிடி என்னிய!"

"அப்படிலாம் சொல்லாதீங்க அத்த..." அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. மாமியாரின் மடியில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அவன் கனவுல வர்றான் அத்த... 'எம்மா, எந்துப்பாக்கி எங்க?'ன்னு கேக்கறான். பீரோவுல இருக்குதுடா கண்ணுன்னு சொல்லுவேன்... இனிமே வந்து கேட்டா என்னான்னு சொல்லுவேன்?"

அந்த நேரம் போலீஸ்காரர்கள் கலைச்செல்வனை வேனுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். "அண்ணி!" என்று கத்தியவன், இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போனான்.

பெரியநாயகி மருமகளின் கண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

"சித்தப்பாவுக்குக் குடுத்துட்டன்னு சொல்லுடி... எம்பேரன் கோவிச்சுக்க மாட்டான்."