சாய்ந்த ஏழு

ஏழு சாய்ந்திருந்தது.

உளி இன்னும் நன்றாகக் குனிந்து பார்த்தான். எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகட்டில் எட்டு இலக்கங்கள். எட்டையும் போன வாரம் அவனே உருக்கு அச்சை நிறுத்தி, ஒன்றுக்கு ஒரே அடியாக இறக்கியிருந்தான். இருபது வருஷமாகச் செய்கிற வேலை. உளி என்ற பெயரே அதனால் ஒட்டிக்கொண்டதுதான். அவன் கையில் இலக்கம் சாயாது. ஆனால் ஐந்தாவதாக நின்ற ஏழு, அசதியில் சுவரில் சாய்கிற ஆளைப் போல இடப்பக்கம் லேசாகப் படுத்திருந்தது. விரலால் தடவினான். துரு ஒட்டியது. உப்பும் வினிகரும் தெளித்து அவன் வளர்த்த துரு ஆரஞ்சு நிறத்தில் மாவு மாதிரி உதிரும். இது கறுப்பாக, இரும்புக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது. விரலை மோந்து பார்த்தால், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை.

நடுப்பகல். தகரக் கூரை வெயிலில் படக்படக்கென்று சத்தமிட்டது. பெயிண்ட் நெடியும் புதுத் தோலின் வாசனையும் கலந்த அந்தப் பட்டறையில், மெருகு பளபளக்க அந்தக் கார் நின்றது.

உண்மையில் அது ஒரு காரே இல்லை. முன்பாதி ஒரு கார், பின்பாதி இன்னொன்று, கதவுகள் மூன்றாவதில் கழற்றியவை. மூன்றையும் ஒட்டவைத்து ஓர் உடம்பாக்கியவன் உளி. எண்ணும் காகிதங்களும் மட்டும் வேறொரு காருடையவை. அந்தக் காலத்தில் மலைப்பாதைப் பந்தயத்தில் மூன்று முறை ஜெயித்த கார் அது. பழைய இரும்புக் கடையில் அதன் காகிதக் கட்டை வாங்கிவந்தவர் அவனுடைய அக்கா புருஷன். விற்பதெல்லாம் அவர் பொறுப்பு.

"அந்தக் கார் என்ன ஆச்சு மச்சான்?" என்று அன்றைக்கு உளி கேட்டான்.

"செத்துப் போச்சு. எப்படின்னு கேக்காத, சோறு எறங்காது" என்றார் மச்சான்.

அவனும் கேட்கவில்லை.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர். பழைய கார் என்றால் உயிரை விடுகிறவர். பதிவு அலுவலகக் கோப்பிலிருந்து அந்தக் காலத்துப் பென்சில் அச்சைத் தேடி எடுத்து வந்திருந்தார். எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தேய்த்து எடுத்தது. தகட்டுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார்.

"பாருங்க! இந்த ஏழு! அதே சாய்வு!"

மச்சான் உளியை ஓரமாக இழுத்து முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்டா நீ. இது எப்படி தெரிஞ்சுது உனக்கு?"

"நான் பண்ணல மச்சான்."

"சரி சரி. அடக்கமெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்."

பிடிபடாமல் தப்பித்த நிம்மதி உளிக்குள் வந்து உட்கார வேண்டிய நேரம் அது. வந்து உட்கார்ந்தது வேறு எதுவோ.

டாக்டர் இன்னொருவரையும் கூட்டி வந்திருந்தார். பழைய சொந்தக்காரரின் தங்கை. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அறுபது வயதிருக்கும். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி காரை ஒரு சுற்று வந்தார். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நின்றார்.

"டிக்கி மூடிக்கு உள்பக்கம் பித்தளை ஒட்டு ஒண்ணு இருக்கும். ஏணி விழுந்து ஓட்டையாச்சு. எங்கண்ணனே ஒட்டினது."

அந்த மூடிக்கு உளி மூன்று பூச்சுப் பெயிண்ட் அடித்திருந்தான். அதில் ஓட்டையே கிடையாது. டாக்டர் தூக்கினார். உள்ளங்கையளவு பித்தளை மங்கலாக மின்னியது.

"டிரைவர் பக்கத்துக் கண்ணாடி அரைச் சுத்துக்கு மேல எறங்காது."

டாக்டர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வெளியிலிருந்தே கையை நுழைத்துச் சுற்றினார். அரைச் சுற்று. டக். அதற்கு மேல் அசையவில்லை. போன மாதம்தான் புதுப் பற்சக்கரம் போட்டு, வெண்ணெயாக வழுக்கியதை உணர்ந்த கை உளியுடையது.

"இதுதான்" என்றார் டீச்சர். "எங்க கார்தான்."

டாக்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனைவியிடம் சொல்ல போனை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தார். மச்சான் சாவி எடுக்க உள்ளே போனார்.

டீச்சர் உளியின் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, இதை நீங்க செஞ்சீங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினான்.

"எங்கண்ணன் இதோடதான் குவாரிக் குட்டையில விழுந்தார். மூணாம் நாள்தான் தூக்கினாங்க. கதவும் தெறக்கல, கண்ணாடியும் எறங்கல. அந்தக் காரை என் கண்ணு முன்னால துண்டு துண்டா வெட்டினாங்க. வெட்டச் சொன்னதே நான்தான்."

"அப்புறம் ஏம்மா எங்க கார்தான்னு..."

"போலின்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லத்தான் கெளம்பி வந்தேன். ஆனா பாத்தா, அதேதான் தம்பி. உள்ள பாருங்க. கதவுல."

கதவைத் திறந்தான். உட்புறத் தோலை இரண்டு வாரம் முன்பு அவனே தைத்திருந்தான், தையல் பிசகாமல். கைப்பிடிக்குக் கீழே அந்தத் தோல் நார்நாராகக் கிழிந்திருந்தது. மேலிருந்து கீழாகக் கோடுகள். நெருக்கமாக. ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு கோட்டின் முடிவில் ஏதோ வெள்ளையாகச் செருகி நின்றது. பாதி நகம்.

"தள்ளுடா, வெளிச்சத்துல நிறுத்திக் காட்டலாம்." மச்சான் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து, அவன் விலகுமுன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"மச்சான், ஏறாதீங்க."

"ஏன்?"

கேட்டருகே டாக்டர். கூப்பிடு தூரம். உண்மையைச் சொன்னால் இருவருக்கும் விலங்குதான். பொய் சொல்லவோ, அவனிடம் பொய்யே இல்லை.

"இது அசல் மச்சான்."

மச்சான் ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடேய், அதைத்தானேடா இத்தனை நாளா ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கோம்!"

உளி அவர் தோளைப் பிடித்தான். தட்டிவிட்டார். உட்கார்ந்தார். அவர் இழுக்கவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மெத்தென்று.

சாவி திரும்பியது. எஞ்சின் வாயே திறக்கவில்லை. மறுபடி. இல்லை.

மச்சான் கண்ணாடி வழியே உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். கண்ணாடியைச் சுற்றினார். மேல் விளிம்பில் இருந்த சிறு இடைவெளியும் மூடிக்கொண்டது. திருப்பிச் சுற்றினார். அசையவில்லை. தோளால் கதவை முட்டினார். உதட்டில் இன்னும் சிரிப்பு. இரண்டாவது முட்டலில் அது இல்லை.

உளி கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினான். கடப்பாரைதான் வளைந்தது. சுத்தியலை எடுத்தான். ஓங்கி அடித்தான். ஒரு கீறல் இல்லை. மறுபடி. மறுபடி. சத்தம்கூட இல்லை. சேற்றில் அடிப்பது போல.

டீச்சர் தரையில் உட்கார்ந்து முகத்தைக் கைப்பையில் புதைத்துக்கொண்டார். கேட்டருகே டாக்டர் முதுகைக் காட்டி நின்று போனில் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆமா, சுத்தமான அசல்! நாம குடுத்து வெச்சவங்க!"

"டாக்டர்!"

குரல் எழும்பவில்லை.

உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. கூரை இடுக்கு வழியே விழுந்த வெயில் சீட்டின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. மச்சானின் சட்டைக் காலர் மெல்ல விரிந்து உயர்ந்தது. பையிலிருந்த பேனா தானாக வெளியே வந்து, அவசரமே இல்லாமல் மேலே போய், கூரையில் முட்டி நின்றது. அவர் வாய் திறந்து திறந்து மூடியது. நகங்கள் தோலைப் பிறாண்டின. பிறகு கைகள் தளர்ந்து, கீழே விழாமல், தோள் உயரத்தில் அப்படியே மிதந்தன. தலைமுடி முழுக்க எழும்பி ஒரு பக்கம் சாய்ந்தது. மெதுவாக மறுபக்கம்.

கண்கள் மூடவில்லை. உளியைப் பார்த்தபடியே இருந்தன.