அப்பா கையால் ஒரு வாய்

கழிப்பறைப் பீங்கானில் அது மறுபடியும் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல்நக அகலத்தில், தட்டையாக, வெந்த சேமியாவுக்கு இஸ்திரி போட்டாற்போல ஒரு வெள்ளைத் துண்டு. வெள்ளையின் மேல் வெள்ளை, அசைந்திராவிட்டால் மேலாளர் கவனித்திருக்கவே மாட்டார். அசைந்தது. கொஞ்சம் நீண்டு, எதையோ யோசித்தாற்போல நின்று, சுருங்கியது.

"ஆபீஸ் கேண்டீன்காரன் கைவேலை" என்று முகத்தைச் சுளித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். வருஷக்கணக்காக இப்படி அவ்வப்போது வருகிறது. நன்றாக இருக்கும் உடம்பை வைத்தியரிடம் காட்டுவது பூட்டிய வீட்டைத் திருடனுக்குக் காட்டுவதைப் போல என்பது அவருடைய சித்தாந்தம். குழாயடியில் விரல்நுனிகளை நீட்டி, தண்ணீருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

பாத்திரம் நிறைய நறுக்கிய வெள்ளரியும் கேரட்டும் வெங்காயமும் எலுமிச்சை வாசனையோடு காத்திருந்தன. கேண்டீன் விஷத்துக்கு மாற்றாகத் தன் பிரிவு மொத்தத்துக்கும் தினமும் அவரே கொண்டுபோவார். கரண்டிக்குச் சாறு இறங்காது என்று சட்டையை மடித்துக் கையாலேயே பிசைந்தார். பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்த மகள் வாயைத் திறந்தாள்.

"மொத வாய் எனக்கு!"

"ராஜாத்திக்கு இல்லாததா?" ஒரு பிடி உள்ளே போனது.

அலுவலகத்தில் சாலட்டோடு உபதேசமும் இலவசம். கறி தின்னத் தெரியாதவர்கள் மீது அவருக்கு ஆழ்ந்த இரக்கம். "பன்னிக்கறிய நடுவுல செவப்பு தெரிய திங்கணும். முழுசா வேகவெச்சுத் திங்கறதுக்குச் செருப்பைக் கடிக்கலாம்" என்பார். சம்பளம் போடுகிறவர் சொல்லும் ஜோக், எல்லோரும் சிரிப்பார்கள்.

அன்று மதியம் அந்தச் சிரிப்பில் ஒரு குரல் குறைந்தது. வரவேற்பறைப் பெண் வெள்ளரித் துண்டைக் கையில் பிடித்தபடி, சுவரில் எதுவுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய குதிகால் மேஜைக்காலில் மோத ஆரம்பித்தது. டக். டக். டக். யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல. அப்படியே நாற்காலியோடு சாய்ந்தாள்.

மூளையில் புழுக்கூடுகள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. சுத்தமில்லாத கையிலிருந்து வந்திருக்கும், எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். மேலாளருக்குப் பரிசோதனை எதற்கு? நேராகக் கேண்டீனுக்குப் போனார்.

"கையக் காட்டுய்யா."

சமையல் மாஸ்டர் காட்டினார். மஞ்சள் கறை, சூட்டுத் தழும்பு.

"இந்தக் கையாலயா ஊருக்குச் சோறு போட்ட? பாத்தாலே கொமட்டுது. நாளையிலேர்ந்து வராத."

"டெஸ்டுக்குக் குடுத்திருக்கேன் சார். முடிவு வர்ற வரைக்குமாவது..."

"முடிவு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"அப்ப நீங்களும் குடுங்க சார். எல்லாருக்கும் வயிறு ஒண்ணுதான?"

"என் வயிறும் உன் வயிறும் ஒண்ணாடா?" என்று கத்தினார். ஆனாலும் கொடுத்தார், அவன் முகத்தில் விட்டெறிய ஒரு காகிதம் வேண்டுமே.

அந்தக் காகிதத்துக்கு முன்னால், இரண்டு நாள் கழித்து, போன் வந்தது. சாயங்காலம், சமையலறையில் தாளிக்கும் வாசனை, சாப்பாட்டு மேஜையில் மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மேலாளர் போனோடு நடைக்கு வந்தார்.

"சார், கேண்டீன் மாஸ்டருக்கு ஒண்ணும் இல்ல" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "உங்களுக்குத்தான் இருக்கு. நாடாப்புழு."

"எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன்மா."

"அதுதான் சார் பிரச்சினை. சரியா வேகாத பன்னிக்கறியில வர்றது. குடலுக்குள்ள அது பாட்டுக்கு வளரும், பெரும்பாலும் தெரியவே தெரியாது. ஆனா அதோட முட்டை கழிப்பறை போயிட்டு வர்ற கையில ஒட்டும். அந்தக் கை பட்டதை யாராவது சாப்பிட்டா, அவங்க மூளைக்குள்ள போய்க் கூடு கட்டிடும். சத்தமில்லாம வருஷக்கணக்கா இருக்கும். அப்புறம் ஒருநாள் வலிப்பு... சார், நீங்க யாருக்காவது கையால எதாவது குடுக்கறதுண்டா?"

போனை அணைத்தார். குளியலறை விளக்கைப் போட்டு, சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்து, துணி துவைக்கும் பிரஷால் நகக்கண்களில் ரத்தம் கசியும்வரை உரசி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் திருப்பிவிட்டார். ஆவி படர்ந்த கண்ணாடியில் கல்லு மாதிரி ஒரு ஆள் மங்கலாக நின்றான், அவன் வயிறு மட்டும் மெல்ல, திருப்தியாக, புரண்டு படுத்தது.

சிவந்த கை. சுத்தமான கை. இப்போது சுத்தமான கை.

"என்னங்க!" மனைவியின் குரல். "இவ என் கையால திங்க மாட்டாளாம். அப்பா ஊட்டினாத்தானாம். நீங்க குடுத்த செல்லம், நீங்களே வந்து பாருங்க!"

பாட்டு நின்றிருந்தது.

எப்போது நின்றது?

குழாயை மூடினார். சொட்டு. சொட்டு. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம்.

டக்.

குழாய்தான். குழாயாகத்தான் இருக்கும்.

டக். டக்.

"கால ஆட்டாதடி, நாற்காலி ஒடஞ்சிரும்" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே.

நடையைக் கடந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு. மேஜையில் ஆவி பறக்கும் தட்டு. பக்கத்தில் தொடாத ஒரு கரண்டி. மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. சுவரில் எதுவுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்தாள். குதிகால் மட்டும் நாற்காலிக்காலில்.

டக். டக். டக்.

வாய், அவருடைய கைக்காக, அகலத் திறந்தபடியே இருந்தது.