நீல எண் கன்றுகள்

எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வரும். டப்பாவில் ஒரு பிஸ்கட் குறைந்தால்கூட வீட்டில் விசாரணை வைப்பேன். அதனால் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'போலீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் போலீசுக்கே தலை சுற்றிய வழக்கு எங்கள் கன்றுத் தோட்டத்தில் நடந்தது.

என் அம்மா மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுபவர். கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தலையை வெட்டுவார். நல்ல பழம் தரும் மரத்தின் குச்சியைச் சீவி அங்கே செருகி, நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். இரண்டும் ஒட்டிக்கொண்டால் குச்சியில் துளிர் வரும்.

விடுமுறை நாள் ஒன்றில் இப்படி எண்பது கன்றுகளுக்குக் கட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டக் கட்ட ஒன்று, இரண்டு என்று அட்டையில் எண் எழுதித் தொட்டிகளில் மாட்டினேன்.

எல்லாவற்றிலும் துளிர் வந்தது. அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தார். பத்து நாள்கூட ஆகவில்லை, துளிர்கள் வாடத் தொடங்கின. ஒட்டின இடம் கறுத்துப்போய்ப் பிசின் வடிந்தது. முதலில் இரண்டு கன்றுகள். அப்புறம் ஒன்பது. அப்புறம் இருபத்திரண்டு!

"இருபது வருஷமா ஒட்டுக் கட்டுறேன். என் கை பட்டது இப்படிச் சாகாது" என்றார் அம்மா. "யாரோ என்னமோ பண்றாங்க."

யாரோ என்றதும் எனக்குக் குழாய் மாமாதான் நினைவுக்கு வந்தார்.

அவர் தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எப்போதும் தோளில் குழாயைச் சுற்றிக்கொண்டு வருவார். வாடின கன்றுகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஏதோ முணுமுணுப்பார். என்னைக் கண்டால் சட்டென்று எழுந்துவிடுவார். சரியான ஆள்தான்!

மூன்று நாள் அவர் பின்னாலேயே சுற்றினேன். மூன்றாம் நாள், கருவிகள் வைக்கும் அறைக்குப் பின்னால் கோணிக்கு அடியில் இரண்டு தொட்டிகள் இருப்பதைப் பார்த்தேன். எங்கள் தொட்டிகள்! ஒரே ஓட்டமாக அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா! மாமா கன்னை ஒளிச்சு வெச்சிருக்காரு!"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அந்தத் தொட்டிகளை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனார்.

"அண்ணா, இதெல்லாம் என்ன?"

குழாய் மாமா தலையைக் குனிந்துகொண்டார். "இது ரெண்டும்தான் முதல்ல வாடுச்சு தங்கச்சி. பக்கத்துல இருந்தா மத்ததுக்கும் ஒட்டிக்குமோன்னு தள்ளி வெச்சேன். சொன்னா நான்தான் கெடுத்தேன்னு நினைப்பீங்களோன்னு பயம்."

"கேட்காம எடுத்து ஒளிச்சா வேற என்ன நினைக்கிறது? நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

அவர் குழாயை எடுத்து வளையம் வளையமாகச் சுருட்டத் தொடங்கினார்.

வழக்கை முடித்துவிட்டேன். சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் ஒன்று உறுத்தியது. திருடுகிறவர் யாராவது கன்றுக்கு அடியில் ஈரத் துணி சுற்றி வைப்பாரா? அந்த இரண்டு தொட்டிகளுக்கும் சுற்றியிருந்தார்.

குனிந்து அட்டைகளைப் பார்த்தேன். பதினேழு, பதினெட்டு. நீல மையில் என் கோழிக் கிறுக்கல்.

நீலமா? அன்றைக்குச் சிவப்பு மையிலும் எழுதினேனே!

கன்றுகள் இருக்கும் நிழல்வலைப் பந்தலுக்குள் ஓடினேன். தொட்டிகளை உயரப்படி அடுக்கியிருந்ததால் எண்கள் கலந்து கிடந்தன. வாடியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்தைந்து, நீலம். முப்பத்தொன்று, நீலம். நாற்பது, நீலம். ஒரு சிவப்புகூட இல்லை! பதினேழுக்கு முந்தின எண்ணும் ஒன்றுகூட இல்லை! பக்கத்திலேயே சிவப்பு எண் கன்றுகள் ஜம்மென்று நின்றன. இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான். மாமா மை நிறம் பார்த்தா தண்ணீர் ஊற்றினார்?

அப்படியானால் கோளாறு தண்ணீரில் இல்லை. ஒட்டுக் கட்டின அன்றைக்கே வந்திருக்கிறது. அன்றைக்கு அங்கே இருந்தது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று...

ஐயோ! அம்மாவையா சந்தேகப்படுவது? கால் பின்வாங்கியது. ஆனால் வெளியே குழாய் பாதிக்கு மேல் சுருண்டுவிட்டது.

"அம்மா, ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது" என்றேன்.

"கேளு."

"நாற்பது வரைக்கும் நீல மை. அது தீர்ந்ததும் சிவப்பு. நடுவுல என்ன நடந்துச்சு?"

"மத்தியானம் சாப்பிட்டோம். நீ டீயைக் கொட்டின. என் கத்தி துடைக்கிற துணியை எடுத்து அதைத் துடைச்ச. நான் உன்னைத் திட்டிட்டு, டீ பட்ட கத்தியையும் கழுவிட்டு வேற துணி எடுத்தேன்."

"கத்தியைத் தினமும் துடைப்பீங்களா?"

"தினமுமா? ஒவ்வொரு கன்னுக்கும் துடைப்பேன்! என்னை மாதிரி சுத்தம் யாரு?"

"ஒரே துணியிலயா?"

அம்மா இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினேழுல என்னம்மா புதுசு?" நான் விடவில்லை.

"பதினேழுலேருந்து இருபது வரைக்கும்..." அம்மா மெதுவாகச் சொன்னார். "குச்சி பத்தாம வேலியோரத்து மரத்துல வெட்டினேன். அப்புறம் பழைய மரத்துக் குச்சிதான்."

"அந்த மரத்துக்குச் சீக்கு இருந்திருந்தா? அது கத்தியிலேருந்து துணிக்கு, துணியிலேருந்து மறுபடி கத்திக்கு..."

"போதும் போலீஸ். மனசுல தோணினதெல்லாம் உண்மை ஆகிடாது."

"பதினேழுலேருந்து நாற்பது வரைக்கும் மொத்தம் இருபத்திநாலு. இருபத்திரண்டு வாடிடுச்சு. மீதி இருபத்தாறும் முப்பத்தாறும். அதுக்குள்ளயும் சீக்கு இருக்கும். பாருங்க!"

முப்பத்தாறாம் கன்று பச்சைப் பசேலென்று நின்றது. "இதுக்கு என்னடி குறை?" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒட்டுக்கு மேலே பட்டையை நகத்தால் சுரண்டினார்.

பச்சையாக இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது.

அம்மா இருபத்தாறைச் சுரண்டினார். அதிலும் கோடு. பக்கத்தில் ஒரு சிவப்பு எண் கன்றைச் சுரண்டினார். சுத்தமான பச்சை. வேலியோரத்து மரத்துக்கு வேகமாக நடந்து ஒரு கிளையை வெட்டினார். வெளியே ராஜா மாதிரி நின்ற மரம், உள்ளே பழுப்பு!

அம்மா என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் கிளையைக் கீழே போட்டுவிட்டுக் குழாய் மாமாவிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணா, சீக்கைப் பரப்பினது நான்தான். நீங்க தள்ளி வெச்சதுதான் சரி. அவசரப்பட்டுப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. போகாதீங்க."

"நானும் மன்னிப்புக் கேட்கிறேன் மாமா" என்றேன். "நான்தான் போட்டுக் கொடுத்தேன்."

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி நீங்க! இப்பத்தான் கஷ்டப்பட்டுச் சுருட்டினேன், மறுபடியும் விரிக்கச் சொல்றீங்களே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே குழாயை விரித்தார்.

"அது சரி மாமா, கன்னுக்கிட்ட என்ன முணுமுணுப்பீங்க?"

"எழுந்திரு ராசான்னு சொல்வேன். யாராவது பார்த்தா சிரிப்பாங்கன்னு எழுந்துடுவேன்."

இருபத்திநாலு கன்றுகளையும் எரித்தோம். மாமா ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் நெருப்பில் வைத்தார்.

அடுத்த முறை ஒட்டுக் கட்ட உட்கார்ந்தபோது, அம்மா பக்கத்தில் ஒரு டம்ளரில் ஸ்பிரிட் இருந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் கத்தியை அதில் முக்கி, புதுப் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். நான் எண் எழுதினேன்.

மாமா எல்லாருக்கும் டீ கொண்டு வந்தார். என் டம்ளரை மட்டும் பலகையின் நுனியில், என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "ஏன் மாமா இவ்வளவு ஓரத்துல வெக்கிறீங்க? கொட்டிடாதா?"

"கொட்டினா கொட்டட்டும் போலீஸ்" என்றார் மாமா. "போன தடவை நாற்பது கன்னைக் காப்பாத்தின டீயாச்சே!"