மாமாவின் வலது காது

நண்டுவின் மாமாவுக்குக் கண் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் எதையும் தொலைக்காத ஒரே ஆள் அவர்தான்.

சாவி என்றால் ஆணியில். குடை என்றால் கதவுக்குப் பின்னால். கையை நீட்டினால் பொருள் கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால், வேறு யாரோ எடுத்து வேறு எங்கோ வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"நான் எதையும் தொலைக்கிறதில்ல அக்கா. நீங்கதான் எனக்காகத் தொலைச்சுக் குடுக்கறீங்க" என்று நண்டுவின் அம்மாவைச் சீண்டுவார் மாமா.

நண்டுவுக்குப் பத்து வயது. அந்தச் செல்லப்பெயரை வைத்ததும் மாமாதான். பிறந்த அன்று அவருடைய விரலைப் பிடித்தவள், அரை மணி நேரம் விடவே இல்லையாம்.

அந்தச் சனிக்கிழமை மாமாவின் இயர்பட் காணாமல் போனது. வலது காதில் செருகும் இயர்பட். இடது பக்கத்துக்கு உரியது துணி ஊறவைத்த வாளியில் விழுந்து என்றோ செத்துவிட்டது. மாமாவின் போன், திரையில் உள்ளதையெல்லாம் வாசித்துக் காட்டும். அது வாசிக்கும் வேகம் இருக்கிறதே, நண்டுவுக்கு ஒரு சொல் கூடப் புரியாது. மாமாவுக்கு அத்தனையும் புரியும். இயர்பட்டில் கேட்டுக்கொண்டே, ஒரு நொடி பின்னால், அதைத் தன் குரலில் அழகாகச் சொல்லிக்கொண்டு போவார்.

அப்படித்தான் அவருக்கு வானொலியில் ஒரு வாய்ப்பு வந்தது. மறுநாள் ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு ஐந்து நிமிடச் செய்தி. நேரடி ஒலிபரப்பு. நன்றாக வாசித்துவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கே.

இப்படிப்பட்ட நேரத்தில் இயர்பட் காணோம் என்றால்?

ஒரு மணி நேரத் தேடலுக்குப் பிறகு அது பொத்தான் டப்பாவுக்குள் கிடைத்தது. மேசையைத் துடைத்தபோது அம்மா போட்டு வைத்திருந்தார்.

"சின்னதா, உருண்டையா இருந்துச்சா... பொத்தான்னு நெனச்சுட்டேன்" என்றார் அம்மா.

நண்டு யோசித்தாள். "மாமா, இது எங்க இருக்குன்னு போனே சொல்ற மாதிரி பண்ணிடலாமா? எங்க கிளாஸ்ல ஒருத்தி வெச்சிருக்கா."

"பண்ணலாமே. வா, உக்காரு."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மாமாவின் விரல் திரையில் வழுக்கிக்கொண்டு போனது. நண்டுவுக்காகப் போனின் பேச்சை மெதுவாக்கினார்.

"புளூடூத். இயக்கப்பட்டுள்ளது. இருப்பிடம். அணைக்கப்பட்டுள்ளது" என்றது போன்.

"அதான்! இருப்பிடம் அணைஞ்சிருந்தா அதுக்கு எப்படித் தெரியும்? அதைப் போடுங்க மாமா."

போட்டார். பிறகு, தொலைந்த சாதனங்களைத் தேடித் தரும் செயலியைத் திறந்தார்கள். அதில் இயர்பட்டைச் சேர்த்தார்கள். அனுமதி கேட்டது, கொடுத்தார்கள். மறுபடியும் கேட்டது.

"எங்க ஹெட்மாஸ்டர் கூட இத்தனை தடவை கேக்க மாட்டார்" என்றாள் நண்டு.

கடைசியில், "சாதனத்துக்குப் பெயர் இடவும்" என்றது போன்.

நண்டு கொஞ்சமும் யோசிக்காமல் தட்டினாள்: மாமாவின் வலது காது.

"மாமாவின் வலது காது சேர்க்கப்பட்டது" என்று போன் அடக்க ஒடுக்கமாக அறிவித்ததும் மாமா சிரித்த சிரிப்பில் அம்மாவே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சும்மா விடுவாளா நண்டு? சோதித்தும் பார்த்தாள். இயர்பட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு 'ஒலி எழுப்பு' என்பதைத் தொட்டாள். கீச், கீச், கீச்! பிறகு அதன் டப்பாவுக்குள் வைத்து மூடிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"டப்பாவுல இருந்தா கத்தாது மாமா. வெளிய இருந்தாத்தான் கத்தும்."

"வெளிய இருக்கறப்பதானே தொலையும்?" என்றார் மாமா.

மறுநாள் காலை மாமாவும் நண்டுவும் பேருந்தில் கிளம்பினார்கள். வானொலி நிலையத்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே மாமா இறங்கிவிட்டார்.

"முடி வெட்டிக்கணும்."

"மாமா, இது ரேடியோ! யாரு பாக்கப் போறா?"

"முடி சரியா இருந்தா குரலும் சரியா இருக்கும். உனக்குத் தெரியாது."

சலூனில் உட்கார்ந்ததும் மாமா இயர்பட்டைக் கழற்றினார். அதன் டப்பா சட்டைப் பையில் இருந்தது. அதற்கு மேல் முடிதிருத்துபவர் துணியைப் போர்த்திவிட்டார்.

"இந்தா நண்டு, பத்திரமா வெச்சுக்க."

நண்டு வாங்கிக்கொண்டாள். அந்தக் கடையில் நல்ல நல்ல படக்கதைப் புத்தகங்கள் இருந்தன. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பெரிய புத்தகம் ஒன்று. 'ஒரே ஒரு நிமிஷம்' என்று இயர்பட்டைக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்தாள்.

பத்தரைக்கு மாமா வானொலி நிலையத்தின் மாடியில், ஒலிப்பதிவு அறைக்கு முன்னால் நின்றார். கையை நீட்டினார்.

"நண்டு, குடு."

நண்டு பாவாடைப் பையில் கையை விட்டாள். பை காலி. இன்னொரு பையும் காலி.

பலகையில் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நிலையத்தின் பொறுப்பாளர், மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர், கடிகாரத்தைப் பார்த்தார். "செய்தி பத்து ஐம்பதுக்கு உங்க போனுக்கு வந்துடும். எல்லாம் தயார்தானே?"

"இயர்பட் இல்ல, சார்" என்றார் மாமா மெதுவாக.

பொறுப்பாளர் தன்னுடையதைக் கொண்டு வந்தார். அது ஒயர் வைத்தது. மாமாவின் போனில் அதைச் செருகத் துளை இல்லை. ஒலிப்பதிவாளரின் பெரிய ஹெட்போனோ அந்த அறை இயந்திரத்துக்கு மட்டும்தான்.

"போனைச் சத்தமா பேச விட்டா என்ன?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"அப்புறம் ரெண்டு பேர் செய்தி வாசிக்கற மாதிரி ஆயிடும்" என்ற பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "தப்பா நெனைக்காதீங்க. பத்து ஐம்பத்தஞ்சு வரைக்கும் பாக்கறேன். இல்லேன்னா இன்னிக்கு நானே வாசிச்சுடறேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்று சொல்பவர்களுக்கு அந்த நாள் எப்போது வரும் என்று தெரியாது. மாமாவின் முகம் அதைச் சொன்னது.

நண்டுவுக்கு அழுகை முட்டியது. 'பேருந்தில் விழுந்திருக்கும்' என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னால் தேட வேண்டிய இடமும் மாறிவிடும்.

"மாமா, தப்பு என்னோடதுதான். புத்தகம் பாக்கறதுக்காகக் கீழ வெச்சுட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

மாமா போனை அவளிடம் நீட்டினார். "அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல செயலியைத் திற."

நண்டு திறந்தாள். வரைபடம் விரிந்தது. சின்னப் பச்சைப் புள்ளி ஒன்று. அதன் கீழே: 'கடைசியாகக் காணப்பட்டது, 10.14.'

"சலூன் தெருதான் மாமா! நாம கிளம்பினப்ப அது அங்கதான் இருந்திருக்கு!"

"அப்போ என்ன நின்னுட்டிருக்கோம்?"

மாமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் படி இறங்கினார்கள். தெருவுக்கு வந்ததும் ஓட ஆரம்பித்தார்கள். "பள்ளம்! படி! சைக்கிள்! இன்னொரு சைக்கிள்!" என்று நண்டு கத்திக்கொண்டே ஓட, மாமா ஒரு அடி கூடப் பிசகாமல் பின்னால் வந்தார்.

சலூனில் ஒருவர் கன்னம் நிறைய நுரையோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிப் பலகை பளிச்சென்று துடைத்திருந்தது.

"அண்ணா! இங்க வெள்ளையா, சின்னதா ஒண்ணு இருந்துச்சே..."

முடிதிருத்துபவர் கத்தியோடு திரும்பினார். "தெரியலையே பாப்பா. இப்பதான் பலகையைத் துடைச்சு, தரையைக் கூட்டி, எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி..." சட்டென்று நிறுத்தினார். "ஐயையோ. குப்பை வண்டி வந்துச்சு. இப்பதான் போட்டேன்!"

தெருமுனையில் பெரிய பச்சை வண்டி கடகடவென்று உறுமிக்கொண்டிருந்தது.

நண்டு பறந்தாள். மாமாவும் பறந்தார். பின்னால் முடிதிருத்துபவர். அவருக்குப் பின்னால், கழுத்தில் துணியோடும் கன்னத்தில் நுரையோடும் அந்த வாடிக்கையாளர். பாதி மழித்த முகத்தோடு அவர் மட்டும் கடையில் என்ன செய்வார்?

வண்டியை நெருங்கியபோது மாமாவின் போன் பேசியது.

"மாமாவின் வலது காது இணைக்கப்பட்டது."

"இருக்கு! வண்டிக்குள்ளதான் இருக்கு!" என்று குதித்தாள் நண்டு.

வண்டியின் பின்பக்கத்தில் கையுறை போட்ட ஓட்டுநர் அக்கா, குப்பையை அமுக்கும் கைப்பிடியில் கையை வைத்திருந்தார்.

"அக்கா, அமுக்காதீங்க! என் மாமாவோட வலது காது உங்க வண்டியில இருக்கு!"

ஓட்டுநர் அக்காவின் கை அப்படியே நின்றது. மாமாவின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உற்றுப் பார்த்தார். "ரெண்டு காதும் இருக்கேம்மா?"

"அது இயர்பட், அக்கா! அதோட பேர்தான் அது. பதினோரு மணிக்கு மாமா ரேடியோவுல செய்தி வாசிக்கணும். அது இல்லாம முடியாது. ஒரே ஒரு நிமிஷம் இன்ஜினை நிறுத்துங்க. அது கத்தும், கேட்டுக் கண்டுபிடிச்சுடலாம்."

ஓட்டுநர் அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. போய்ச் சாவியைத் திருப்பினார். உறுமல் நின்றது.

நண்டு 'ஒலி எழுப்பு' என்பதைத் தொட்டாள்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். "உஷ்!" என்றார் நுரைக்காரர், நுரை தெறிக்க.

நண்டுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே ஒரே மாதிரி கறுப்பு மூட்டைகள், இருபது முப்பது இருக்கும். எதை என்று பிரிப்பது?

மாமா தலையைச் சாய்த்தார்.

"கீழே" என்றார். "இன்னும் கொஞ்சம் வலது பக்கம். அதுக்கு மேல ஏதோ கனமா இருக்கு."

ஓட்டுநர் அக்கா ஒரு பெரிய மூட்டையைத் தூக்கினார். அடியில் ஒரு சின்ன மூட்டை.

கீச், கீச், கீச்!

முடிச்சை அவிழ்த்தார்கள். உள்ளே முடி. கறுப்பு முடி, நரை முடி, சுருட்டை முடி, காலையிலிருந்து வெட்டிய அத்தனை பேரின் முடியும் சேர்ந்து குருவிக் கூடு போலக் கீச்சிட்டது.

"இருபது வருஷமா முடி வெட்டறேன்" என்றார் முடிதிருத்துபவர். "அது கத்தறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

நண்டு கையை விட்டு அளைந்தாள். சின்னதாக, உருண்டையாக, வழவழப்பாக ஒன்று விரலில் பட்டது. விடுவாளா? பிடித்து வெளியே இழுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"கிடைச்சுடுச்சு!"

அந்தத் தெருமுனையில் அப்படி ஒரு கைதட்டல் எழுந்தது. முடிதிருத்துபவர் அதை வாங்கி மருந்துத் தண்ணீர் தெளித்து, தோளில் கிடந்த துண்டால் ஒரு முடி கூட இல்லாமல் துடைத்துக் கொடுத்தார்.

மாமா அதைக் காதில் செருகினார். ஒரு கணம் கேட்டார். "மணி பத்து ஐம்பத்தொண்ணு. செய்தியும் வந்துடுச்சு. ஓடு நண்டு!"

படியில் கடைசித் திருப்பத்தில், பொறுப்பாளர் கையில் தாளோடு ஒலிப்பதிவு அறைக்குள் நுழையப் போனதை நண்டு பார்த்தாள்.

"சார்! சார்! வந்துட்டோம்!"

அவர் திரும்பினார். மாமாவின் காதைப் பார்த்தார். நண்டுவின் சட்டை முழுக்க ஒட்டியிருந்த முடியையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

மாமா இருக்கையில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மூச்சு சீரானது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரின் அருகில் நின்ற நண்டு, தன் பத்து விரல்களையும் கோத்து இறுக்கிக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். மணி பதினொன்று. செய்திகள்."

ஓடி வந்தது கொஞ்சமும் தெரியாத குரல். புதிய பாலத்தைப் பற்றிச் சொன்னார். நூலகத்தின் புதிய நேரத்தைச் சொன்னார். நகரப் பள்ளிகளின் பந்தாட்டப் போட்டியில் யார் வென்றார்கள் என்று சொல்லும்போது, அந்தக் குரலில் மைதானமே தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் ஓரிடத்தில் கூடத் திக்கவில்லை, தயங்கவில்லை.

விளக்கு அணைந்ததும் ஒலிப்பதிவாளர் தன் ஹெட்போனைக் கழற்றினார். "காகிதத்தைப் பார்த்து வாசிக்கறவங்களே இப்படி வாசிச்சு நான் கேட்டதில்ல" என்றார்.

பொறுப்பாளர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த ஞாயிறு மட்டும் இல்ல, எல்லா ஞாயிறும் நீங்கதான்."

அப்போது மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்ட பொறுப்பாளர், சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை நண்டுவிடம் நீட்டினார்.

"உன்கிட்டதான் பேசணுமாம்."

"ஹலோ?" என்றாள் நண்டு.

"பாப்பா, நான்தான், குப்பை வண்டி ஓட்டுற அக்கா. வண்டி ரேடியோவுல முழுசும் கேட்டேன். பக்கத்து வண்டிக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு, இது நாங்க தேடிக் குடுத்த காதாக்கும்னு சொல்லிட்டேன். அவங்களும் உனக்கு ஏதோ சொல்லணுமாம், இரு."

அடுத்த நொடி, தொலைபேசிக்குள் நான்கைந்து குப்பை வண்டிகள் ஒன்றாக ஹாரன் அடித்தன. நண்டு காதைப் பொத்தவே இல்லை. கடைசி ஹாரன் ஓயும்வரை நின்று கேட்டாள்.